கிட்டியில் மாட்டாதவள்

“மீனுக்கா, வளர்க்கவா?” என்று கேட்டார் கடைக்காரர். கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் ஒன்று. கடையின் கோடியில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இருபது முப்பது எலிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரிய மீன் வைத்திருப்பவர்கள் தீனிக்கு வாங்கிப் போவார்களாம். வளர்க்கத்தான் என்றதும் எலிக்கு இருபது ரூபாய் கூட்டினார். ஏன் என்றேன். “நீங்க பார்த்துப் பார்த்துப் பொறுக்குவீங்கல்ல மேடம். மீனுக்குன்னா கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துடுவேன்.”

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்தால் நியாயமான விலைதான்.

அப்படிப் பொறுக்கி வந்தவர்கள் கனகாவும் செல்லியும். கனகாவுக்கு உடம்பெல்லாம் வெள்ளை, தலையிலிருந்து தோள்வரை மட்டும் கறுப்பு. நடவு வயலில் மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்பவள் மாதிரி இருப்பாள். செல்லி முழு வெள்ளை, சிவப்புக் கண்.

அப்பா அப்போது எங்களோடு இருந்தார். மன்னார்குடிப் பக்கம் நெல் கிடங்கில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். “காசு கொடுத்தா வாங்கினே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு நாற்காலியைக் கூண்டுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டெல்டாக்காரர்களுக்குக் கிட்டி தெரியும். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிய எலிப்பொறி. பொழுது சாய்ந்தால் கிட்டிகளைக் கத்தையாகத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் வரப்பில் இறங்குவார்கள். விடிந்ததும் எலியை எண்ணிக் கூலி. கிடங்கில் நடப்பது வேறு. எலி புதுப் பொருளை லேசில் நம்பாது. அதனால் இரண்டு மூன்று நாளைக்கு வெறும் பொரியை எண்ணெயில் புரட்டி வைப்பார்கள். தின்று பழகிய பிறகுதான் அதில் துத்தநாக பாஸ்பைடைக் கலப்பது. எலியின் சந்தேகம் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் அப்பா படித்த படிப்பு.

ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “கறுப்புத் தலைக்காரி மொத நாளே கிட்டியில மாட்டுவா. இன்னொருத்தி மாட்டவே மாட்டா. வயசாகித்தான் சாவா.”

இருவரையும் பற்றி நான் அறிந்ததெல்லாம் இந்த இரண்டு வரிக்கு விளக்கவுரைதான். கனகா கூண்டைத் திறந்தால் கை வருவதற்குள் தோளில் இருப்பாள். எதைப் பார்த்தாலும் எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஒருநாள் பீரோவை நகர்த்தியபோது அவளுடைய கருவூலம் கிடைத்தது: பாதிச் சப்பாத்தி, நான்கு பேனா மூடி, ஒரு முழுப் பூண்டு, அப்பாவின் காலி மாத்திரை அட்டை, என் ஒற்றைத் தோடு. தோட்டை நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் அந்த இடத்தில் மேலும் ஒரு பேனா மூடி இருந்தது.

செல்லி அப்படி இல்லை. தூரத்தில் நின்று தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுவாள். ஏதோ கோளாறு என்று பயந்தோம். சிவப்புக் கண் எலிகளுக்குப் பார்வை மட்டு. தலையை ஆட்டித்தான் ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு முடிந்து என் விரலிலிருந்து ஒரு வேர்க்கடலையை வாங்க அவளுக்கு நான்கு மாதம் ஆயிற்று. வாங்கியவள் ஓடவில்லை. கையிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்தாள். பிறகு பற்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். அப்போது கண் இரண்டும் வெளியே வருவதும் உள்ளே போவதுமாகத் துடித்தன. முதல் தடவை பார்ப்பவர்கள் அலறிவிடுவார்கள். எலி சொக்கிப்போய் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

எலி வளர்ப்பைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் எலி பிடிப்பவர் என்று ஒருநாள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜாக் பிளாக். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவன் என்று சொல்லிக்கொண்டு லண்டனில் திரிந்தவர். பிடித்த எலிகளில் வினோத நிறமுள்ளவற்றைக் கொல்லாமல் ஒதுக்கி, இனம் பெருக்கி, விற்றார். லண்டன் ஏழைகளைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்த ஹென்றி மேஹியூ இவரையும் விட்டுவைக்கவில்லை. 1901-இல் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரியில் நடந்த கண்காட்சியில் எலிகளுக்கும் போட்டி வைத்து, பரிசும் கொடுத்திருக்கிறார்கள். அப்பா ஆச்சரியப்படவில்லை. “பின்னே? பிடிக்கிறவன் கண்ணுக்குத்தானே ஒண்ணொண்ணா தெரியும்” என்றார்.

ஒரு காலையில் செல்லியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ வழிந்திருந்தது. ரத்தம் என்று நினைத்து, அவளைச் செருப்புப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஓடினேன். “பேஷன்ட் பேரு?” “செல்லி.” “நாயா, பூனையா?” சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மருத்துவர் இளைஞர். எலி பார்த்ததில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. சளியோ மனக்கலக்கமோ இருந்தால் இப்படி வழியுமாம். “கூண்டை எங்கயாவது மாத்தி வச்சீங்களா?” என்றார். மாற்றித்தான் வைத்திருந்தோம், டி.வி. பக்கத்தில்.

கனகாவுக்கு ஒன்றரை வயதில் முன்னங்காலுக்குக் கீழே எலுமிச்சை அளவில் கட்டி வந்தது. பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி சர்வசாதாரணம். அதே மருத்துவர்தான் அறுவை சிகிச்சை செய்தார். முதல் நாள் ராத்திரி பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எலிக்கு வாந்தி எடுக்கவே வராது என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “தெரியுமே. அதனாலதானே எங்க மருந்து வேலை செஞ்சுது” என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

தையல் ஆறி இரண்டு மாதத்தில் இன்னொரு கட்டி. கனகா இருந்தது ஒரு வருடம் பத்து மாதம்.

செல்லி தனியானாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழமொழி ஒன்று உண்டு. அதை உண்டாக்கியவர் இந்த எலியைப் பார்க்கவில்லை. தனி வளை கிடைத்த செல்லி, கனகா படுக்கும் மூலையில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்தாள். இரண்டு நாள் கடலையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கொளத்தூர் போனேன். “வளர்க்கத்தானே?” என்று அவரே இருபது ரூபாயைக் கூட்டிக்கொண்டார்.

மிளகு கன்னங்கரேல். ரவை சாம்பல் கலந்த வெள்ளை. ரவை யாரைப் பிடித்தாலும் நக்கிச் சுத்தம் செய்வாள். என் புருவத்தை முடி முடியாகச் சீவுவாள். மிளகுக்கு விளையாட்டுதான் சோறு. முதுகில் கிச்சுகிச்சு மூட்டி விரலை இழுத்தால் விரலைத் துரத்தி வருவாள், இன்னும் என்று. எலி சிரிக்கும் என்று 1990-களின் கடைசியில் யாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி கண்டார். வௌவாலின் சத்தத்தைக் கேட்கும் கருவியை வைத்துக் கேட்டால், கிச்சுகிச்சு மூட்டும்போது எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுகின்றன. நம் காதுக்கு 20-க்கு மேல் எட்டாது. எங்கள் ஹாலில் எவ்வளவு சிரிப்பு வீணாய்ப் போயிற்றோ.

சின்னவர்கள் வந்ததும் செல்லி வேறு ஆளாகிவிட்டாள். நான்கு மாதம் கடலைக்கு யோசித்தவள், இரண்டையும் மல்லாக்கத் தள்ளி வயிற்றில் காலை ஊன்றி நின்றாள். தீனிக் கிண்ணம் அவளுக்கப்புறம்தான் மற்றவர்களுக்கு. “மாமியார் ஆயிட்டா” என்றார் அப்பா. இரண்டு வருடம் ஐந்து மாதத்தில், ரவையும் மிளகும் இரண்டு பக்கமும் படுத்திருக்க, தூக்கத்தில் போனாள். அப்பா சொன்னபடியே.

அப்புறம் மிளகு. சுவாசக் கோளாறு, பத்தே நாள். எலி வளர்ப்பவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் முச்சந்தி இதுதான். மிஞ்சியவளுக்குத் துணை என்று ஒன்று வாங்கினால், பிறகு அதற்குத் துணை வேண்டும். இதற்கு முடிவே கிடையாது. எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருடம். அப்பாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னொரு சுற்றுக்குத் தெம்பு இல்லை.

வேளச்சேரியில் இரண்டு பெண் எலிகள் வைத்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் ரவையைக் கொண்டுபோய் விட்டேன். யார் இடமும் இல்லாத பொது இடத்தில் வைத்துத்தான் பழக்க வேண்டும் என்று குளியலறைத் தரையில் துண்டு விரித்தாள். மூன்றும் மோந்தன. கொஞ்சம் தள்ளுமுள்ளு. ரவை சும்மா இருப்பாளா, பெரியவளின் காதை நக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: “எத்தனாம் நாள் தின்னும்னு நினைக்கிறே?” மறுநாள் என்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து படம் வந்தது. மூன்று எலி, ஒரே கிண்ணம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, எண்ணிப் பார்த்தார்.

கூண்டு பரணில் இருக்கிறது. மூன்று தட்டு, துருப் பிடிக்கவில்லை. வேண்டுபவர்கள் இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதலாம், காசு வேண்டாம். ஒற்றை எலிக்கு மட்டும் தர மாட்டேன்.