நாலணா ரம்மி

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆடாத வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. பி.காம் படிக்கிறேன் என்ற ஒரே பாவத்துக்கு ஸ்கோர் நோட்டு என் கைக்கு வந்துவிடும். பாயிண்டுக்கு நாலணா ரேட். (25 பைசா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. எங்கள் நோட்டில் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.) ஃபுல் கவுண்ட் 80 வாங்கினாலும் இருபது ரூபாய்தான். அழுகிற அளவுக்கு யாருக்கும் நஷ்டமில்லை.

போன கல்யாணத்தில் அது மாறியது. பன்னிரண்டு மணிக்கு மேல், தோற்றுக்கொண்டிருந்த மாமா ஒருத்தர் "ரெண்டு ரூவா ஆக்குங்கப்பா, தூக்கம் வருது" என்றார். கவனியுங்கள், ரேட்டை ஏற்றச் சொல்வது எப்போதும் தோற்கிறவர்தான். ஜெயிக்கிறவன் நல்லவன் மாதிரி பேசாமல் இருப்பான். நான் பேசாமல் இருந்தேன்.

வட்டத்தில் அக்கா வீட்டுக்காரரும் இருந்தார். எங்களோடு ஆடுவது அதுதான் முதல் தடவை. கை மோசமாக இருந்தால் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டு 20 பாயிண்டோடு தப்பிக்கலாம். அவரும் முதலில் இரண்டு தடவை விட்டார். "என்ன மச்சான், அதுக்குள்ள பயமா?" என்று கிண்டல் செய்தது சாட்சாத் நானேதான். அப்புறம் மனுஷன் ஸ்கூட்டே விடவில்லை. ஒரிஜினல் சேராமல் கடைசி வரை உட்கார்ந்து, ஃபுல் கவுண்டாக வாங்கினார். ஒவ்வொன்றும் 160 ரூபாய். மூன்று மணிக்கு நோட்டைக் கூட்டினால் அவர் பெயருக்கு நேராக 1,480. அதில் அறுநூறு சொச்சம் எனக்கு.

காலையில் மொய் எழுதவும் நான்தான் (பி.காம்!). மச்சான் வந்து கவரை நீட்டி, "எழுதிக்க மாப்ள" என்றார். 501. இரண்டாயிரத்தொன்று வைக்கப்போவதாக முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலை நிமிரவில்லை, எழுதினேன்.

பெரியவர்களிடம் இதைச் சொன்னால் உடனே "ரம்மி சூதாட்டம் இல்லடா, திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு" என்பார்கள். உண்மைதான். 1967-ல், செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் அப்படிச் சொன்னது. ஆனால் என் கணக்குக்கு அதுதான் இடிக்கிறது. முழுக்க அதிர்ஷ்டம் என்றால் இன்று நீ, நாளை நான் என்று ஓடும். திறமை என்றால் தெரியாதவன்தான் திரும்பத் திரும்பத் தோற்பான். அப்படியென்றால் வட்டத்தில் யாருக்குக் கை இளைப்போ அவரை வைத்துத்தானே ரேட் வைக்க வேண்டும்? நடுவில் ஏற்றுவதற்கு அவரிடம் கேட்பதும் பிரயோஜனமில்லை. மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால் எந்த மாப்பிள்ளை முடியாது என்பார்?

போக்கரில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒரு கை ஓடும்போது மேஜையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான், பாக்கெட்டில் கை விடக்கூடாது. நம் ஆட்டத்தில் நோட்டில் எழுதிக்கொண்டே போவதால் காசு கண்ணுக்கே தெரிவதில்லை. விடியும்போதுதான் தெரிகிறது.

இன்னொரு தொல்லை, 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தபின் ஜமக்காளத்துக்குத் திரும்பி வந்த ஆப் பார்ட்டிகள். சித்தப்பா ஒரு சீட்டு இறக்க அரை நிமிஷம் யோசித்தால் "ஆப்பா இருந்தா இந்நேரம் டைம் முடிஞ்சிருக்கும்" என்று உச்சுக்கொட்டுவார்கள். அடப்பாவிகளா, அந்த அரை நிமிஷத்தில் அவர் சொல்லும் பழைய கதைக்காகத்தான் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறோம்!

அந்த அறுநூறை அக்கா பையன் பிறந்தநாளுக்கு சைக்கிளாக்கினேன், மேலே கொஞ்சம் போட்டு. மச்சானுக்குப் புரிந்திருக்கும், ஒன்றும் கேட்கவில்லை. ஆவணியில் அடுத்த கல்யாணம் வருகிறது. நோட்டின் முதல் பக்கத்தில் "நாலணா" என்று இப்போதே எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன். ஏற்றச் சொல்கிற மாமா வேறு ஆளிடம் கணக்கு எழுதிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் என்ன ரேட், மக்களே?