திறவாத சிப்பி

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவது வழக்கம். 1961-க்குப் பின் அக்குளிப்பு நின்றது. ஏல முறை மட்டும் நமது சர்வகலாசாலைகளில் குடிபுகுந்துவிட்டது போலும்! ஒரு விஞ்ஞானி எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றை மேற்கோள் காட்டினோர் எத்தனை பேர் என்று எண்ணியே உத்தியோக உயர்வை நிர்ணயிக்கிறார்கள். கட்டுரையைப் பிரித்துப் படிப்பார் அரிது.

1973-ல் அதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி கே. அழகர்சுவாமி, சிப்பிக்குள் மணி பதித்து உருண்டை முத்தை விளைவித்தார். ஜப்பானியர் வெளியிடாது காத்த நுட்பம் நமக்குக் கைவந்தது. முத்துச்சிப்பியை ஆராய்வோர் உலகில் சிலரே. மூளை நரம்புகளை ஆராய்வோர் பல்லாயிரவர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்? 2005-ல் மேற்கோள் எண்ணை வகுத்த ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞரே, அது துறைக்குத் துறை வேறுபடும் என்று எழுதியிருக்கிறார்.

தேர்வுக் குழுவினர் விண்ணப்பதாரரின் மூன்று கட்டுரைகளையேனும் வாசித்து, தம் அபிப்பிராயத்தைக் கையொப்பமிட்டு எழுதவேண்டுமென்று கோருகிறோம்.