மஞ்சள் பலூன் மிரட்டுதா?

அண்ணன் காலத்து எக்ஸ்பி கம்ப்யூட்டர்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும்போது, 'விர்ச்சுவல் மெமரி குறைவு'ன்னு மூலையில பலூன் வருதா? முதல்ல ஃபைலை சேவ் பண்ணுங்க பாஸ்!

ரேம் பத்தாதபோது ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் வாங்கும் கடன்தான் 'பேஜ் ஃபைல்'. மை கம்ப்யூட்டரில் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, சேஞ்ச்... (உஸ்ஸ், வந்தாச்சு!) 256 எம்.பி. ரேம் என்றால் இனிஷியல் 384, மேக்ஸிமம் 768. அதாவது ஒன்றரை மடங்கு, மூணு மடங்கு. 'செட்' பட்டனை அழுத்தாம விட்டா அத்தனையும் வேஸ்ட்!

'நோ பேஜிங் ஃபைல்' போட்டா ஸ்பீடு பறக்கும்னு ஹாஸ்டல் எக்ஸ்பர்ட் சொன்னா நம்பாதீங்க. ரிப்போர்ட் பாதியில மெமரி பத்தாம ப்ரோக்ராம் மூடிக்கலாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2014 ஏப்ரலோட முடிஞ்சாச்சு. டைப் அடிக்க மட்டும் வெச்சுக்குங்க, நெட் வேண்டாம்.