எருக்கஞ்செடியை வெட்டலாமா?

காங்கேயம் என்றதும் எல்லோருக்கும் காளைதான் நினைவுக்கு வரும். அந்தக் காளை மேயும் கொரங்காட்டு வேலியோரத்தில் ஒரு பட்டாம்பூச்சியும் வாழ்கிறது. அதற்காகப் பரிந்து பேசவே இதை எழுதுகிறேன்.

விடுமுறையில் எங்கள் அப்புச்சியின் கொரங்காட்டில் அதைக் கண்டேன். செம்மஞ்சள் நிறம், முன்சிறகின் நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. படத்தில் பார்த்த அமெரிக்க மொனார்க் என்று அடித்துச் சொன்னேன். அது தவறு. மொனார்க்கின் சிறகு நரம்புகள் தடித்த கறுப்புக் கோடுகளாகத் தெரியும். இதற்கு அப்படி இல்லை. இது நம் ஊர் வெந்தய வரியன். லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1758இல் இதற்குக் கிரைசிப்பஸ் எனப் பெயரிட்டார்.

இது எருக்கிலையில் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழுவுக்கு வெள்ளை, மஞ்சள், கறுப்புப் பட்டைகளும் மூன்று இணைக் கொம்புகளும் உண்டு. எருக்கம்பாலின் நஞ்சு புழுவைக் கொல்வதில்லை. உடலில் தங்கிக் காவலாகிறது. ஒருமுறை தின்று குமட்டிய பறவை மறுமுறை அந்த நிறத்தை நாடாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி இதே நிறத்தில் திரிந்து பறவைகளை ஏமாற்றுகிறது. அதன் புழு தின்பது நாம் கடைந்துண்ணும் பருப்புக் கீரையை! பின்சிறகைக் கவனியுங்கள். நடுவே மூன்று கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியனில் பெண். நான்கு இருந்தால் ஆண். வேடதாரிக்கோ மேல் விளிம்பருகே ஒன்றுதான்.

"மாடுகூடத் தொடாத செடி, இதை வெச்சு என்ன கண்ணு பண்றது?" என்று அப்புச்சி அரிவாளோடு வந்தார். புழுவைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். வேலியோரம் இரண்டு செடிகளை விட்டுவிட்டார்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அச்செடி வேண்டாம் என்பது நியாயமே. ஆனால் வேலியோரத்தில் நிற்பது யாருக்கு என்ன தீங்கு செய்தது? 2019இல் தமிழக அரசு தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அதைக் காண மலைக்காடு ஏற வேண்டும். வெந்தய வரியனோ நம் வாசலுக்கே வருகிறது.

ஆகவே தோழியரே, பூச்சியைப் பிடித்து ஏட்டில் ஒட்ட வேண்டாம். புள்ளிகளை எண்ணி ஏட்டில் எழுதுங்கள். பெற்றோரே, எருக்கை வெட்டுமுன் ஒரு குச்சியால் இலையைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ஒரு தொட்டில் இருக்கலாம்.