கேளாமல் எழுதும் ஒப்பந்தங்கள்

கட்டுக்கரைக் குளத்து நீரை என்று திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை முடிவு செய்யவும் நானாட்டான் கமக்காரரைக் கூட்டிக் கேட்கிறார்கள். ஒரு போகத்து நீருக்கே இந்த முறை! ஒரு மக்களின் நாட்டையும் கடலையும் தீர்மானிக்கும் ஒப்பந்தங்களுக்கு இந்த முறை உண்டா? இல்லை. சுதந்திர இலங்கையின் வரலாறே அதற்குச் சாட்சி.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியரின் ஆட்சியில் கிடந்த பிலிப்பைன்ஸ், 1898 ஜூன் 12இல் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்பானியாவும் அமெரிக்காவும் பாரிஸில் கையொப்பமிட்டன. 2 கோடி டொலருக்கு அத்தீவுகள் கைமாறின. அம்மக்களின் தூதர் அகொன்சிலோவுக்குப் பேச்சு மண்டபத்தில் இடமில்லை! 1946இல் சுதந்திரம் வந்தது. 1947இலேயே அமெரிக்கப் படைத்தளங்களுக்கு 99 ஆண்டு உரிமை எழுதப்பட்டது.

நம் நாட்டின் கதை வேறா? 1948 பெப்ரவரி 4 விடியுமுன்னரே, 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதியாயிற்று. திருகோணமலையும் கட்டுநாயக்காவும் 1957 வரை பிரித்தானியப் படைத்தளங்களாகவே இருந்தன. இதுவும் ஒரு சுதந்திரமா என்று கேட்ட சோவியத் ஒன்றியம், 1955 வரை ஐக்கிய நாடுகள் சபையின் கதவை இலங்கைக்குத் திறக்கவிடவில்லை.

அந்நியப் படைக்கு இடம் கொடுத்த அரசு, இம்மண்ணைப் பொன்னாக்கிய தோட்டத் தொழிலாளிக்கு இடம் கொடுத்ததா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை பிறந்த இடத்துக்கும் பாட்டன் பிறந்த இடத்துக்கும் சான்று கேட்டது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் நாடற்றோர் ஆயினர். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு காக்கும் என நம்பிக் கோமறைக் கழகம் வரை சென்ற வழக்கும் 1953இல் தோற்றது.

பின்னர் வந்தது 1964 அக்டோபர் 30. சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் டெல்லியில் கையொப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! நெல்லைக்கூட அவணம் பார்த்துத்தான் பங்கிடுவோம். மனிதரை இப்படியா பங்கிடுவது? பங்கிடப்பட்டவரை யார் கேட்டார்?

அவர்களை ஏற்றிய புகைவண்டி நம் முருங்கன் நிலையம் வழியாகவே தலைமன்னார்த் துறைக்குச் சென்றது. அங்கிருந்து கப்பல், அக்கரையில் இராமேசுவரம். தாம் பிறந்த நாட்டை விட்டு, பிறவாத நாட்டுக்கு அவர்கள் போனபோது நாம் என்ன செய்தோம்? மலைநாட்டார் கதை, நமக்கென்ன என்று இருந்தோமே! அந்த மௌனத்துக்கு நாமும் பொறுப்பாளிகள். நாடற்ற நிலை சட்டப்படி முடிய 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்று தேயிலைத் தோட்டம். அடுத்து நம் கடல். 1974இலும் 1976இலும் இரு தலைநகரங்கள் பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கோடு கிழித்தன. கோடு வரைபடத்தில் இருக்கிறது. இழுவைப் படகோ நம் மீனவரின் வலையைக் கிழித்துச் செல்கிறது. 2023இல் இரு அரசுகளும் தரைவழி இணைப்பைப் பற்றிப் பேசின. பாலம் வேண்டும் என்போர் இருக்கலாம், வேண்டாம் என்போரும் இருக்கலாம். மன்னார் மக்களைக் கேட்டார்களா என்பதே நம் கேள்வி.

“வெளிநாட்டு உறவு அரசின் கருமம், ஊரைக் கேட்டா நடத்துவது?” என்பார்கள். பிலிப்பைன்ஸைப் பாருங்கள்! 1991இல் படைத்தள ஒப்பந்தத்தை நீடிக்கும் உடன்படிக்கை அதன் செனற் சபை முன் வந்தது. ஏற்க 11 பேர், மறுக்க 12 பேர். அடுத்த ஆண்டே அமெரிக்கப் படை வெளியேறியது. நாடு அழிந்தா போயிற்று? இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பிலோ எல்லா உடன்படிக்கைகளும் பாராளுமன்றத்தின் சம்மதம் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எனவே நாம் கேட்பது இதுதான். எந்த உடன்படிக்கையும் கையொப்பத்துக்கு முன் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அது எவருடைய நிலத்தையும் கடலையும் தொடுகிறதோ, அவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். குளத்து நீருக்குள்ள நீதி குடிமக்களுக்கும் வேண்டும். அது வரும்வரை, பெப்ரவரி 4 கொடியேற்றும் நாள். சுதந்திர நாள் அன்று!