ஒருமுறை கோர்த்த எழுத்து

ஈய எழுத்துக்களைக் கோர்த்துப் பக்கம் கட்டிய நாட்களில், ஒருமுறை கட்டிய பக்கத்திலிருந்து ஆயிரம் பிரதிகள் எடுத்தார்கள். தன் பிரதிக்கான எழுத்தைத் தானே கோர்த்துக்கொள்வேன் என்று எந்த வாசகனும் அடம்பிடித்ததில்லை. கணினி உலகில் அப்படி அடம்பிடிப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலராக நாங்களும் நெடுநாள் இருந்தோம். அந்தப் பிடிவாதத்தை ஏன் கைவிட்டோம், அதில் எதை மட்டும் கைவிடக் கூடாது என்று கருதுகிறோம் என்பதே இக்கட்டுரை.

மனிதர் எழுதுவது மூலநிரல். கம்பைலர் எனப்படும் தொகுப்பி அதை இயந்திர மொழிக்கு மாற்றிய பிறகே கணினி அதை இயக்கும். லினக்ஸ் குடும்பத்தில் டெபியன் போன்றவை மாற்றி முடித்த பொதிகளையே பயனருக்குத் தருகின்றன. 2002-இல் 1.0 பதிப்பைக் கண்ட ஜென்டூவோ, மூலநிரலைக் கொடுத்து உன் வீட்டிலேயே சமைத்துக்கொள் என்றது. வேண்டிய உறுப்புகளை மட்டும் சேர்க்கலாம், வேண்டாதவற்றை ஒதுக்கலாம், உன் செயலிக்கென்றே நிரலைத் தீட்டிக்கொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி.

எங்களிடம் மூன்று கணினிகள் இருந்தன. ஒன்று புதியது, இரண்டு பழையவை. ஓர் உலாவியைப் புதுப்பிக்க மூன்றும் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். ஒரே வேலையை மூன்று முறை செய்கிறோம் என்பது உறைக்கவே சில ஆண்டுகள் ஆயின. ஜென்டூவின் போர்ட்டேஜ் என்னும் பொதி மேலாளரிலேயே இதற்கு வழி இருந்தது. தொகுத்து முடித்ததைப் பொதியாகக் கட்டிச் சேமிக்கச் சொன்னால் சேமிக்கும். மற்றக் கணினிகள் அதை வலையமைப்பின் வழியே எடுத்து நிறுவிக்கொள்ளும்.

முதல் முயற்சி தோற்றது. புதிய கணினியில் கட்டிய பொதிகளைப் பழையதில் நிறுவினோம். நிரல்கள் தொடங்கிய கணமே மடிந்தன. தவறு எங்களுடையதுதான். தொகுப்பியிடம் ‘இந்தச் செயலிக்கே உரியதாக ஆக்கு’ என்று கேட்டிருந்தோம். பழைய செயலி அறியாத கட்டளைகள் உள்ளே புகுந்துவிட்டன. மூன்று செயலிகளுக்கும் பொதுவான கட்டளைகளோடு நிறுத்தி மறுபடி தொகுத்தபின் எல்லாம் ஓடின. பகிர வேண்டுமானால் தனக்கென்று மட்டும் தீட்டிக்கொண்ட கூர்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நாங்கள் விட்டுக்கொடுத்த வேகத்தை அன்றாட உபயோகத்தில் எங்களால் உணரக்கூட முடியவில்லை.

ஜென்டூவும் இதே முடிவுக்கு வந்தது. முன்பே தொகுத்த சில பொதிகளை மட்டும் தந்துகொண்டிருந்த அவ்வமைப்பு, 2023 டிசம்பரில் பெரும் தொகுதியாகவே அவற்றை வழங்கத் தொடங்கியது. கொள்கையைக் கைவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மூலநிரல் இன்றும் கைக்கெட்டுகிறது, விரும்பியவர் தொகுத்துக்கொள்ளலாம். பழைய கணினி மட்டுமே உள்ளவருக்கும் கதவு திறந்தது, அவ்வளவே.

ஆனால் ஓர் ஆட்சேபணையை எளிதில் தள்ள முடியாது. பிறர் தொகுத்ததை நிறுவும்போது அவரை நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? பொதியின் மேல் கையொப்பம் இருக்கிறது என்பார்கள். கையொப்பம் அனுப்பியவர் யார் என்று சொல்லும். உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாது.

தானே தொகுத்தால் பயமில்லை என்பதும் முழு உண்மையன்று. தொகுப்பியே ஏமாற்றக்கூடும் என்பதையும், அதன் சுவடு மூலநிரலில் தென்படாமலே போகலாம் என்பதையும் கென் தாம்ஸன் 1984-இலேயே காட்டிவிட்டார். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் கள்ளக்கதவு ஒன்று அகப்பட்டது. அதைத் தூண்டிவிடும் கோப்பு, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. மூலநிரல் என்று விநியோகித்த கட்டுக்குள் இருந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவில் அரை விநாடி தாமதம் ஏன் என்று துருவியதால் அது வெளிப்பட்டது. படிக்காமல் தொகுப்பது, படிக்காமல் பிரதியெடுப்பதைவிட எவ்விதத்திலும் உயர்ந்ததல்ல.

அப்படியானால் வழி? இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமானதுதான்: பாடபேதம் பார்ப்பது. ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே தொகுத்து, கிடைத்தவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் கலப்படம் தெரிந்துவிடும். இதற்கு நெடுநாள் தடையாக இருந்தவை அற்பமான வேறுபாடுகள்: தொகுத்த நேரம், அடைவின் பெயர், கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை. இவற்றைக் களையும் பணியை டெபியன் குழுவினர் 2013-இல் தொடங்கினார்கள். பிற அமைப்புகளும் கைகோத்தன.

எனவே எங்கள் நிலை இது. தொகுத்த பொதியைப் பகிர்வது சோம்பலல்ல. ஒருவர் உழைப்பு பலருக்குப் பயன்படும் பழைய நல்வழக்கம். ஆனால் பகிர்பவர் மூலநிரலையும், எந்தத் தொகுப்பியால் எந்த விருப்பத்தேர்வுகளோடு கட்டினார் என்ற குறிப்பையும் சேர்த்தே தர வேண்டும். பெறுபவரில் சிலராவது அவ்வப்போது தாமே தொகுத்து ஒப்பிட வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியதில்லை. எவருமே சரிபார்க்க முடியாத ஒன்றை எல்லோரும் நிறுவிக்கொள்ளும் நிலைதான் ஆபத்து.

எங்கள் பழைய கணினிகள் இப்போது இரவில் உறங்குகின்றன. மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு சிறு பொதியை மட்டும் அவற்றிலும் தொகுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.