கள ஆய்வாளருக்கு எந்தக் கத்தி?

மேகாலயத்துக்குக் கள ஆய்வுக்குப் புறப்படும் இளைய ஆய்வாளர் ஒருவர், தாம் வாங்கவிருக்கும் பொருள்களின் பட்டியலை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். ஒலிப்பதிவுக் கருவிக்கு அடுத்தபடியாக விலை கூடியது, காணொளி பார்த்துத் தேர்ந்தெடுத்த ஓர் அயல்நாட்டுக் கத்தி. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும்போது இச்செலவு வேண்டியதில்லை என்பது என் கருத்து. கத்தியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கான தழும்பு என் ஆட்காட்டி விரலில் இருக்கிறது.

காசி மலைச் சிற்றூர் ஒன்றில், மடக்குக் கத்தியால் மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தேன். கணுவில் சிக்கிய கத்தியை அசைத்தபோது பூட்டு விட்டுக்கொடுத்தது. அலகு மடங்கி விரலில் இறங்கியது. சுகாதார நிலையம் இரண்டு மணி நேர நடை. நான் தங்கியிருந்த வீட்டுக் கோங் (அக்கா என்பதுபோல் அங்குள்ள விளி) துணியைக் கிழித்துக் கட்டியிராவிட்டால் அன்றைய நடை கடினமாகியிருக்கும். அன்றுமுதல் மடங்காத கத்தியே என் பையில்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது உண்மை. மௌசின்ராமில் ஆண்டுச் சராசரி மழையே 11,000 மில்லிமீட்டருக்கு மேல்; அங்கே கார்பன் எஃகு ஓரிரவில் சிவந்துவிடும். துடைத்து ஒரு சொட்டுக் கடுகெண்ணெய் தடவினால் போதும். அது எந்த அடுப்படியிலும் கிடைக்கும். மாறாக, நன்கு தோய்ச்சலிட்ட கார்பன் எஃகு கூர் நிற்கும், அடி தாங்கும், மழுங்கினால் ஓடைக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். கடையிலிருந்து தொலைவில் வாழ்பவர்க்கு இறுதிக் குணமே முதன்மையானது.

அதை ஸ்வீடனிலிருந்துதான் வருவிக்க வேண்டுமா? அந்நாட்டு மோரா கத்திகள் நல்லவை. தம் நாட்டில் மலிவானவையும்கூட. இறக்குமதியாகி நம்மிடம் வரும்போது அந்த மலிவு கரைந்துவிடுகிறது. ஷில்லாங்கிலிருந்து சோஹ்ரா செல்லும் வழியில் மில்லியம் என்ற ஊரில் கொல்லர்கள் இன்றும் கத்தி அடிக்கிறார்கள். அம்மலைகளில் இரும்பு உருக்கிய தொழில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானது என்பதற்கு நோங்கிரெம் அருகே கிடைத்த எச்சங்கள் சான்று. அந்த மலைக்கே போகும் நாம் கத்தியை மட்டும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

பட்டறைக் கத்திகளெல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். எதிலிருந்து அடித்தது என்று கேளுங்கள். வண்டியின் ஸ்பிரிங் பட்டை என்றால் நல்லது. அதில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு இருக்கும். கட்டடக் கம்பி போன்ற மெல்லிரும்பு தோய்ச்சலை ஏற்காது. கூர்முனையருகே அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள்: வழுக்கினால் கடினம் ஏறியிருக்கிறது, கடித்தால் இல்லை. அலகு 10 முதல் 12 சென்டிமீட்டர், முதுகுக் கனம் 3 மில்லிமீட்டர் போதும். அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மூங்கிலைப் பிளக்கையில் கத்தி முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

மொழியியலாளருக்கு ஒரு கூடுதல் குறிப்பு: 'வைத்' என்று கேட்டால் நீண்ட வெட்டுக்கத்தியைத் தருவார்கள். 'தாரி' என்று கேளுங்கள். 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு படைக்கலச் சட்ட விதிகளின் வரையறைக்குள் வரக்கூடும் என்பதாலும் சிறியதே நலம். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் நான் ஒருமுறை மறந்து, ஒரு நல்ல கத்தியை இழந்தேன்.

நான் 400 ரூபாய்க்கு வாங்கிய தாரியின் கூர் இரண்டாம் நாளே மடிந்தது. திரும்பக் கொண்டுபோனேன். கொல்லர் பாஹ் அதைச் சுண்டிப் பார்த்தார்; வேறொன்றும் பேசாமல் உலையில் இட்டு மறுபடி தோய்ச்சல் கொடுத்தார், காசு வாங்கவில்லை. காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் உலைக்களச் சொற்கள் நாற்பதுக்கு மேல் என் குறிப்பேட்டில் ஏறின.

தம்பி, பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, மிஞ்சும் பணத்தில் பதிவுக் கருவிக்குக் கூடுதல் பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். மில்லியத்துக்கு நானும் வருகிறேன்.